செய்நிரலாக்கக் கல்வி: கற்பித்தலா, வடிகட்டலா?

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்களிலும் விஞ்ஞான பீடங்களிலும் முதலாண்டு மாணவர் எதிர்கொள்ளும் பாடங்களுள், செய்நிரலாக்க அறிமுகத்தைப் போல அச்சத்தோடு பேசப்படுவன மிகச் சிலவே. கணிதத்திலும் பௌதிகத்திலும் உயர்ந்த பெறுபேறு பெற்று, ஊராராற் பாராட்டப்பட்டு வந்த மாணவர், முதல் அரையாண்டு முடிவதற்குள், பத்து வரிச் செய்நிரலொன்றைப் பிழையின்றி எழுத இயலாதவராய், தம் அறிவின் மீதே ஐயங்கொள்பவராய் மாறிவிடுகின்றனர். உயர்தரப் பரீட்சையின் கடுமையைத் தாண்டி வந்தவர்கள் இவ்வொரு பாடத்தின் முன் ஏன் தளர்ந்துபோகின்றனர்? இவ்வினாவுக்கு வளாகங்களில் வழங்கும் விடை மிகச் சுருக்கமானது: ‘செய்நிரலாக்கம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது.’

இவ்விடை பொய்யானது. பொய்யாயிருந்தும் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் வசதியே. அஃது எவரையும் பொறுப்பாளியாக்குவதில்லை. பாடத்திட்டம் குற்றமற்றது, கற்பித்தல் குற்றமற்றது, பரீட்சை குற்றமற்றது, குற்றம் முழுவதும் மாணவரின் பிறப்பினது. விரிவுரையாளர் மத்தியிற் பிறந்து, சிரேட்ட மாணவர் வாயிலாக விடுதிகளுக்குப் பரவி, ஈற்றில் தோல்வியுற்றவரின் உள்ளத்திலேயே இக்கருத்துக் குடிகொண்டுவிடுகிறது. அறிவைப் பிறப்பின் பெயராற் பங்கிட்ட வரலாறுடைய சமுதாயம் ஒன்றில், ‘பிறவித் திறமை’ என்னும் சொல் இவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளப்படுவது வியப்புக்குரியதன்று. பழைய எண்ணம் புதிய துறையொன்றிற் புகலிடம் தேடிக்கொண்டது என்பதே பொருந்தும்.

இக்கோட்பாட்டுக்கு ஆய்வுச் சான்று இருப்பதாக ஒருகாலத்தில் நம்பப்பட்டமை உண்மையே. 2006 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீட் டெனாடி, றிச்சட் போனற் ஆகிய இருவரும் ஆய்வறிக்கையொன்றைச் சுற்றுக்கு விட்டனர். செய்நிரலாக்கத்தை முன்னர் கற்றிராத மாணவரிடம், மாறிகளுக்குப் பெறுமானம் இடும் எளிய கூற்றுகள் சிலவற்றைக் கொடுத்து, அவற்றின் விளைவு யாதென அவர்கள் வினவினர். விடை சரியாயினும் பிழையாயினும், ஒரே விதியை முரணின்றிப் பின்பற்றியோர் பாடத்திற் சித்தியடைவர், ஏனையோர் பெரும்பாலும் தவறுவர் என்பது அவர்கள் முடிவு. மாணவரின் பெறுபேறுகளை வரைபாக்கினால் ஒட்டகத்தின் இரு திமில்களைப் போல இரு கூட்டங்கள் தோன்றும் என்ற உவமையும் அவர்களுடையதே. அவ்வறிக்கை வரைவு நிலையிலேயே உலகெங்கும் பரவியது. தாம் முன்னரே நம்பியிருந்ததற்கு விஞ்ஞான முத்திரை கிடைத்ததெனப் பலர் மகிழ்ந்தனர்.

ஆயின், அதன்பின் நிகழ்ந்தவை அவ்வளவு விரைவாகப் பரவவில்லை. வேறிடங்களில் அச்சோதனை மீளச் செய்யப்பட்டபோது அதே முடிவு உறுதியாகக் கிட்டவில்லை. 2014 இல் போனற் தாமே அவ்வறிக்கையின் உரிமைகோரல்களைப் பகிரங்கமாக மீளப்பெற்றுக்கொண்டார். 2016 இல் எலிசபெத் பற்றிசாசும் சக ஆய்வாளரும், பெரும் பல்கலைக்கழகமொன்றின் கணினி விஞ்ஞானப் பாடங்களுக்குரிய 778 புள்ளிப் பரம்பல்களைப் புள்ளிவிபரவியற் சோதனைக்கு உட்படுத்தினர். ஒன்றுக்கு மேற்பட்ட திமிலுக்குச் சான்று காட்டியவை அவற்றுள் 5.8 சதவீதம் மட்டுமே. அவர்களின் ஆய்வு வெளிப்படுத்திய மற்றொரு செய்தி இதனினும் முக்கியமானது. பிறவித் திறமையில் நம்பிக்கையுடைய ஆசிரியர்களே, தம்முன் வைக்கப்பட்ட பரம்பல்களில் இரு திமில்களைக் கூடுதலாகக் கண்டனர். ஒட்டகம் மாணவர் மத்தியில் இருக்கவில்லை. பார்த்தவரின் எண்ணத்திலேயே இருந்தது.

அங்ஙனமாயின், ஒரே வகுப்பிலிருந்து சிலர் விரைந்து முன்னேறவும் சிலர் முற்றாகப் பின்தங்கவும் காரணம் யாது? நியூசிலாந்தின் ஒற்றாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தனி றொபின்ஸ் 2010 இல் இதற்குத் தக்கதொரு விளக்கம் அளித்தார். செய்நிரலாக்கத்தின் எண்ணக்கருக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியவை. மாறி விளங்காதவருக்கு நிபந்தனை விளங்காது. நிபந்தனை விளங்காதவருக்கு மீள்செயல் விளங்காது. மீள்செயல் விளங்காதவருக்கு அணிகள் இருளாகவே இருக்கும். முதற் படியில் உறுதியாகக் கால் வைத்தவருக்கு அடுத்த படி எளிதாகிறது. முதற் படியில் வழுக்கியவருக்கு அடுத்த படி முன்னிலும் உயரமாகிறது. ஆதலால், இரண்டாம் மூன்றாம் வாரங்களில் தோன்றும் சிறு வேறுபாடு, பதினைந்தாம் வாரத்திற் பெரும் பிளவாகக் காட்சியளிக்கிறது. பிறப்பு இதற்குள் எவ்விடத்தும் புகவேண்டிய அவசியம் இல்லை. முதல் மூன்று வாரங்களில் யார் வழுக்கினார், ஏன் வழுக்கினார் என்பதே ஆராயப்படவேண்டியது.

இலங்கை மாணவர் வழுக்கும் முதலிடத்தை எவரும் இலகுவிற் காணலாம். உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயின்ற மாணவரிடம் ‘க = க + 1’ என்ற வரி முதன்முறையாகக் காட்டப்படுகிறது. சமன் குறியின் இருபுறமும் ஒரே பெறுமானம் என ஈராண்டாக அவர் பயின்றிருக்கிறார். இருபுறத்திலும் ‘க’ வைக் கழித்தால் எஞ்சுவது ‘0 = 1’ என்னும் அபத்தம். எனவே அவர் திகைக்கிறார். இத்திகைப்பு மந்தபுத்தியின் அடையாளமன்று. நன்கு கற்ற கணிதத்தின் அடையாளமாகும். இங்கு அக்குறி சமத்துவத்தைக் குறிக்கவில்லை. வலப்புறத்துப் பெறுமானத்தைக் கணித்து இடப்புறத்துப் பெயரில் வை என்னும் கட்டளையைக் குறிக்கிறது. 1960 இன் அல்கோல் மொழியும் 1970 இன் பஸ்கால் மொழியும் இக்குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டுச் சமன் குறியின் முன் முக்காற்புள்ளி இட்டு வேறொரு குறியை வகுத்துக்கொண்டன. 1957 இல் வெளிவந்த போட்றானும் 1972 அளவில் உருவான சீ மொழியும் அவ்வாறு செய்யவில்லை. அவற்றின் வழிவந்த ஜாவாவும் பைதனும் அதே குறியையே கொண்டுள்ளன. ஆக, வரலாற்றில் நேர்ந்த குறியீட்டுத் தெரிவொன்றின் சுமை இன்று முதலாண்டு மாணவரின் தலையில் விழுகிறது. இதனை விளக்குவதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். அந்த ஐந்து நிமிடங்கள் விரிவுரையில் ஒதுக்கப்படாதவிடத்து, மாணவர் ஐந்து மாதம் துன்புறுகின்றனர்.

இத்தகைய இடர்கள் மேலும் பல. ஜாவா மொழியின் வழமையான வடிவில் ஒரு வரியைத் திரையில் அச்சிடுவதற்கே ‘பப்ளிக் ஸ்ரற்றிக் வொயிட் மெயின்’ எனத் தொடங்கும் மந்திரத்தை எழுதவேண்டும். அச்சொற்களின் பொருள் பல வாரங்களின் பின்னரே கற்பிக்கப்படும். ‘இப்போதைக்கு அப்படியே எழுதுக’ என்னும் அறிவுறுத்தலோடு பாடம் தொடங்குகிறது. காரணம் கேட்டுக் கற்கவேண்டிய துறையொன்று, காரணம் கேளாதே என்ற முதற்பாடத்தோடு ஆரம்பிக்கப்படும் முரண்பாட்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. சீ மொழியில் ஒரு வரியின் ஈற்றில் அரைப்புள்ளி விடுபட்டாற் பிழைச்செய்தி பெரும்பாலும் அடுத்த வரியையே சுட்டுகிறது. பிழையற்ற வரியை மாணவர் மணிக்கணக்கில் உற்றுநோக்கிக்கொண்டிருப்பர். அனுபவமுள்ளவர் நோக்கவேண்டிய இடம் மேல்வரி என்பதை அறிவார். அவ்வறிவு திறமையன்று, முன்பே பட்டறிந்ததன் பயன்.

இவ்விடத்தில் மொழிப் பிரச்சினை எழுகிறது. தமிழ்மொழிமூலம் அல்லது சிங்களமொழிமூலம் பதின்மூன்று ஆண்டுகள் கற்ற மாணவர், பொறியியலையும் விஞ்ஞானத்தையும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே கற்கவேண்டியுள்ளது. ‘ஆங்கிலம் போதாமையே தோல்விக்குக் காரணம்’ என்பது வளாகங்களில் வழங்கும் இரண்டாவது விடை. இதிற் பாதி உண்மை உண்டு. ஆனால் அப்பாதியும் தலைகீழாகவே சொல்லப்படுகிறது. செய்நிரலாக்க மொழியிலுள்ள ஆங்கிலம் அற்பமானது. 1989 இன் நியமப்படி சீ மொழியின் ஒதுக்கிய சொற்கள் 32 மட்டுமே. பைதனின் இன்றைய வடிவில் அவை 35. பௌதிகச் சூத்திரங்களை மனனஞ் செய்த மாணவருக்கு 32 சொற்கள் ஒரிரவு வேலை. அவற்றைத் தமிழாக்கிவிட்டால் யாவும் தீர்ந்துவிடும் எனக் கருதுவோரும் இதனாலேயே தவறுகின்றனர்.

உண்மையான இடர் அச்சொற்களைச் சுற்றியுள்ள மொழியில் இருக்கின்றது. ‘ஒவ்வொரு நாளின் மழைவீழ்ச்சியையும் வாசித்து, எதிர்ப் பெறுமானங்களைப் புறக்கணித்து, குறித்த எண் வரும்போது நிறுத்தி, அவ்வெண்ணைச் சேர்க்காது சராசரி காண்க’ என்றவாறு ஒரு வினா அமையும். மழைவீழ்ச்சி வினா எனப் பெயர்பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் எலியற் சொலவே 1980 களில் ஆராய்ந்த வினாவின் வகையைச் சேர்ந்தது இது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவருட் பெரும்பாலோரே அதிற் பிழைவிட்டனர். ‘புறக்கணித்து’, ‘வரும்போது’, ‘சேர்க்காது’ என்னும் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை. அவற்றுள் ஒன்றை மயக்கமாக விளங்கிக்கொண்டவர் எழுதும் செய்நிரல் முழுவதும் பிழைத்துவிடும். பிழைச்செய்தியும் அதே மொழியிலேயே வருகிறது. அதனை வாசித்து விளங்காதபோது வாய்திறந்து கேட்கவும் அதே மொழி தேவைப்படுகிறது. ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்று அஞ்சும் மாணவர் கேளாமலே இருந்துவிடுகின்றனர். விரிவுரையாளரோ, எவரும் கேட்கவில்லையாதலால் யாவருக்கும் விளங்கிவிட்டதெனக் கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குச் செல்கின்றார். 86 நாடுகளைச் சேர்ந்த 840 பேரிடம் பிலிப் குவோ நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வும், ஆங்கிலத்தையும் செய்நிரலாக்கத்தையும் ஒரேவேளையிற் கற்கவேண்டியிருப்பதன் சுமையைக் கற்போரின் வாய்மொழியாகவே பதிவு செய்துள்ளது.

ஆங்கிலம் வேண்டாமென்பது இதன் பொருளன்று. நூல்களும் கையேடுகளும் தொழிற்றுறையும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை அம்மொழி இன்றியமையாதது. ஆனால், ஒரு மொழியில் வாசிக்கவேண்டும் என்பதனால் அதே மொழியில் மட்டுமே விளங்கவேண்டும் என்ற நியதி எங்கிருந்து வந்தது? அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1873 இல் நாடு திரும்புமுன், மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களை ஆக்குவித்தார். சொற்கள் இல்லையென்று அவர் காத்திருக்கவில்லை. வகுப்பு நடந்தபடியே சொற்களும் ஆக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மனித உடலைத் தமிழில் விளக்க முடிந்தது. இருபத்தோராம் நூற்றாண்டிலே மாறியையும் மீள்செயலையும் தமிழில் விளக்க முடியாதெனின், குறைபாடு மொழியினதா, மனத்தினதா?

மொழியைப் போன்றே பாடசாலையும் மாணவரைப் பிரிக்கின்றது. பொறியியற் பீடத்துக்குச் செல்ல விரும்பும் மாணவர் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் பயிலவேண்டும். எனவே தகவல் தொழினுட்பத்தை உயர்தரத்தின் பிரதான பாடமாகக் கொள்ள அவர்களுக்கு இடமே இல்லை. முன் அனுபவம் உடையவர் அதனைத் தனியார் வகுப்பிலோ வீட்டுக் கணினியிலோ பெற்றவராவர். கொழும்பின் பெரும்பாடசாலையிற் கணினிச் சங்கத்தில் இருந்தவரும், முல்லைத்தீவிலோ மொனராகலையிலோ இயங்கும் கணினி நான்கு இருந்தாற் பெரிதெனக் கருதும் பாடசாலையிற் பயின்றவரும், ஒரே மண்டபத்தில், ஒரே வேகத்தில், ஒரே பாடத்தைக் கேட்கின்றனர். ஒருவர் ஏற்கெனவே அறிந்ததை மீளக் கேட்கிறார்; மற்றவர் கோப்பொன்றைச் சேமிப்பது எவ்வாறெனத் தேடிக்கொண்டிருக்கிறார். அரையாண்டின் முடிவில் முன்னவர் ‘திறமைசாலி’; பின்னவர் ‘செய்நிரலாக்கம் வராதவர்’.

இதில் அரசின் கொள்கையே தன்னோடு முரண்படுகிறது. விஞ்ஞானத் துறைகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பாடசாலைகள் சமமல்ல என்பதை நாடு ஏற்றுக்கொண்டமையின் வெளிப்பாடே இம்முறை. பல்கலைக்கழகத்தின் வாயிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவ்வுண்மை, விரிவுரை மண்டபத்தின் வாயிலில் மறக்கப்படுகிறது. சமமற்றவர்களென அறிந்து உள்ளே அழைத்துவந்து, சமமானவர்களென வைத்து அளப்பது எவ்வகை நீதி?

அளக்கும் முறையை நோக்கின் இவ்வநீதி மேலுந் தெளிவாகும். இன்றும் பல பீடங்களில் இறுதிப் பரீட்சையிற் செய்நிரல் தாளிற் பேனையால் எழுதப்படுகிறது. எழுதி, ஓட்டி, பிழை கண்டு, திருத்தி, மீள ஓட்டுவதே செய்நிரலாக்கத்தின் உயிர். அவ்வுயிரை நீக்கிய உடலே பரீட்சையில் அளக்கப்படுகிறது. தவறியவர் மீண்டும் தோற்றலாம். ஆயினும், எவ்வளவு சிறப்பாக எழுதினும் மீளத் தோற்றுவோருக்குச் சீ தரத்துக்கு மேல் வழங்காமை பெரும்பாலான பீடங்களின் விதி. அஃதாவது, தாமதமாகக் கற்றவர் கற்றதாகவே கொள்ளப்படார். பொறியியற் பீடங்களில் முதலாண்டுப் பெறுபேறுகளைக் கொண்டே மாணவர்க்குரிய துறை தீர்மானிக்கப்படுவதால், பதினைந்து வாரத் தடுமாற்றமொன்று நாற்பதாண்டுத் தொழில்வாழ்வின் திசையை மாற்றிவிடக்கூடும். இவ்வாறு அமைந்த பாடம் கற்பிக்கும் கருவியாக அன்றி, வடிகட்டும் கருவியாகவே தொழிற்படுகிறது.

இந்நிலையில் மாணவரைக் காப்பாற்றுவது எது? எல்லா வளாகத்தாரும் அறிந்த விடை ஒன்றுண்டு: குப்பி. மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கின் பெயரால் வழங்கும் இவ்விரவு வகுப்புகளிலே, விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லிக்கொடுக்கின்றார். அங்கே ‘க = க + 1’ தமிழில் விளக்கப்படுகிறது. பெட்டி ஒன்றுக்குப் பெயர் இட்டு, அதனுள் இருந்த எண்ணை எடுத்து, ஒன்றைக் கூட்டி, மீண்டும் அதனுள் வைப்பதாகச் சொல்லப்படும்போது, பல வாரங்களாக மூடியிருந்த கதவு சில நிமிடங்களிலே திறந்துவிடுகிறது. கேள்வி கேட்க அச்சமில்லை, பிழைவிட வெட்கமில்லை, ஒவ்வொரு வரியாக மாறியின் பெறுமானத்தைக் கடதாசியில் எழுதிப் பார்க்க நேரம் உண்டு. சம்பளமற்ற இருபது வயது மாணவரொருவர் விடுதியின் படிப்பறையிற் செய்வதை, நூலகமும் ஆய்வுகூடமும் ஊதியமும் உடைய நிறுவனம் செய்ய இயலாதென்பது எவ்வாறு பொருந்தும்? நேற்று ‘வராது’ எனக் கைவிடப்பட்டவருக்கு இன்றிரவு வந்துவிடுகிறதெனின், பிறவித் திறமைக் கோட்பாட்டை மறுக்க வேறு ஆய்வும் வேண்டுமோ?

குப்பியைப் புகழ்வதோடு நின்றுவிடுவதும் தகாது. அது பரீட்சைக்கு முந்திய வாரத்தில் ஏற்றப்படும் விளக்கு; அரையாண்டு முழுவதுமான இருளுக்கு அது ஈடாகாது. மேலும், விளங்காத மாணவர் வேறொரு வழியையும் நாடுகின்றனர். ஒருவர் செய்த ஒப்படை பல பெயர்களிற் சமர்ப்பிக்கப்படுவது நெடுங்கால வழக்கம். 2022 இறுதியிற் பொதுப் பாவனைக்கு வந்த உரையாடற் பொறிகள், இவ்வழக்கத்துக்கு நண்பரும் தேவையில்லை என்றாக்கிவிட்டன. அறிமுக வகுப்பின் ஒப்படை எதனையும் அப்பொறிகள் சில வினாடிகளில் எழுதித் தருகின்றன. இதனைக் கண்டு மாணவரின் ஒழுக்கம் கெட்டதெனப் புலம்புவோர், ஒப்படையின் நோக்கம் யாதென்பதை முதலில் வினவவேண்டும். விளங்காத ஒன்றை நள்ளிரவுக்குள் சமர்ப்பிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர் எங்கிருந்தேனும் பெற்றுச் சமர்ப்பிப்பார். விளங்கியவரோ அப்பொறியை ஆசிரியராகப் பயன்படுத்தி மேலுங் கற்பார். முன்னிருந்த பிளவு இதனாற் குறையவில்லை, மறைக்கப்பட்டு அகலமாகியுள்ளது. இனிமேல் ஒப்படைப் புள்ளிகளைக் கொண்டு வகுப்பு நன்றாக நடக்கிறதென ஆறுதலடைவதும் இயலாது.

‘தரத்தைத் தாழ்த்தலாமா?’ என்னும் எதிர்வாதம் இங்கு எழுவது இயல்பே. பாலம் கட்டும் பொறியியலாளரும் வங்கியின் கணக்கை இயக்கும் செய்நிரலாளரும் அரைகுறை அறிவுடையோராய் இருத்தல் ஆகாது என்பதை எவரும் மறுக்கார். ஆனால் தரம் வேறு, கழிவு வேறு. நூற்றுக்கு எத்தனை பேர் தவறினர் என்பது தரத்தின் அளவுகோலன்று. சித்தியடைந்தவர் எதனைச் செய்ய வல்லவர் என்பதே அளவுகோல். இவ்வகையில் உலகின் நிலையும் பெருமைப்படத்தக்கதன்று. 2001 இல் மைக்கல் மக்கிறக்கன் தலைமையிற் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, அறிமுகப் பாடத்தைக் கற்று முடித்த மாணவரைச் சோதித்தபோது, 110 புள்ளிகளுக்கு அவர்கள் பெற்ற சராசரி 23 இலும் குறைவு. கடுமையான பாடம் நல்ல செய்நிரலாளரைத் தானாகவே உருவாக்கும் என்ற நம்பிக்கைக்கு அப்பெறுபேறு போதிய மறுப்பாகும்.

மாறாக, கற்பித்தலை மாற்றிய இடங்களில் தரம் தாழாமலே சித்தி உயர்ந்துள்ளது. 15 நாடுகளின் 161 அறிமுகப் பாடங்களை ஆராய்ந்து வாற்சன், லி ஆகிய இருவரும் 2014 இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்றிலொரு பங்கினர் அப்பாடங்களிற் சித்தியடையவில்லை. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், விகவைனனும் சக ஆய்வாளரும், கற்பித்தல் முறையைத் திட்டமிட்டு மாற்றிய பாடங்களிற் சித்தி வீதம் சராசரியாக ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர்ந்ததைக் காட்டினர். மாணவரின் பிறப்பு மாறவில்லை; பாடமே மாறியது. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்தில் எல்லா மாணவரும் செய்நிரலாக்கம் கற்கவேண்டுமென 1999 இல் விதிக்கப்பட்டபோது, கலை, கட்டடக்கலை, வணிக மாணவருள் அரைவாசிக்கும் குறைவானோரே சித்தியடைந்தனர். 2003 இல் மார்க் குஸ்டியல் அவர்களுக்கெனப் படங்களையும் ஒலிகளையும் கையாளும் பாடமொன்றை அமைத்தார். அதிற் சித்தியடைந்தோர் ஏறத்தாழ 85 சதவீதமாயினர். கலிபோர்ணியாவின் ஹாவி மட் கல்லூரி 2006 அளவில் முன் அனுபவம் உடையோரையும் இல்லாதோரையும் வெவ்வேறு பிரிவுகளாக்கி, ஜாவாவுக்குப் பதிலாகப் பைதனைக் கொண்டு கற்பிக்கத் தொடங்கியது. கணினி விஞ்ஞானத்தைத் தெரிவு செய்தோருட் பெண்களின் பங்கு சுமார் 10 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளிலே 40 சதவீதம்வரை உயர்ந்தது. ‘பெண்களுக்கு இது வராது’ என்பதும் ஒருகாலத்திற் பிறவித் திறமைக் கோட்பாட்டின் கிளையாகவே இருந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

விரிவுரையாளர் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இவ்வாதத்தின் நோக்கமன்று. மாணவர் தொகை பெருகியுள்ளது, ஆளணி பெருகவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து பல்கலைக்கழக ஆசிரியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சியோர் மீது சுமை இரட்டித்தது. ஆயின், சுமை மிக்கதென்பது சுமையைப் பகிர்ந்துகொள்வதற்கான நியாயமேயன்றி, ‘வராதவருக்கு வராது’ எனக் கைகழுவுவதற்கான நியாயமன்று. வளம் குறைந்த நாடு தன் இளைஞரை வீணாக்க இயலாது.

செய்யவேண்டியவை பெருஞ்செலவை வேண்டுவனவல்ல. முதலாவதாக, அறிமுகச் செய்நிரலாக்கத்தில் எத்தனை பேர் தவறுகின்றனர், அவர்கள் எம்மாவட்டத்தினர், எம்மொழிமூலம் கற்றவர் என்பதைப் பீடங்கள் ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். எண்ணப்படாத தோல்விக்குப் பரிகாரம் தேடப்படுவதில்லை. இரண்டாவதாக, முன் அனுபவம் இல்லாதோர்க்குத் தனிப் பிரிவும் கூடுதற் செயன்முறை நேரமும் ஒதுக்கப்படவேண்டும். மூன்றாவதாக, விரிவுரை ஆங்கிலத்தில் நடப்பினும், ஆய்வுகூடத்தில் விளக்கம் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கவேண்டும். பிழைச்செய்திகளையும் எண்ணக்கருக்களையும் தாய்மொழியில் விளக்கும் சிறு கைந்நூலொன்றை ஆக்குவது தமிழ்ச் சங்கங்களுக்கே இயலக்கூடிய பணி. நான்காவதாக, எழுதுவதற்கு முன் வாசிக்கவும், கணினியை நாடுமுன் கடதாசியில் மாறிகளின் பெறுமானத்தைப் பின்தொடரவும் பயிற்சி அளிக்கப்படவேண்டும். இறுதியிலுள்ள ஒரே பெரும் பரீட்சைக்குப் பதிலாக, கணினியின் முன் நடக்கும் சிறு சோதனைகள் பலவாதல் வேண்டும். ஐந்தாவதாக, முதல் அரையாண்டுப் பாடத்தை மீளச் செய்வோர்க்குத் தர உச்சவரம்பு நீக்கப்படவேண்டும். இறுதியாக, குப்பி நடத்தும் மாணவரைப் பல்கலைக்கழகம் துணைப்போதனாசிரியராக ஏற்று ஊதியம் வழங்கவேண்டும். அவர்களே இன்று இப்பாடத்தின் உண்மையான ஆசிரியர்களுட் பெரும்பான்மையினர்.

இக்கோரிக்கைகளை முன்வைக்கும் பொறுப்பு மாணவருக்கும் உண்டு. ‘எனக்கு வராது’ என்று தலைகுனிந்து துறை மாறிச் செல்லும் ஒவ்வொருவரும், தம்மையறியாமலே, தமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குச் சான்றுப்பத்திரம் வழங்குகின்றனர். ‘எனக்கு இது கற்பிக்கப்படவில்லை’ என்று தலைநிமிர்ந்து சொல்லத் தொடங்கும் நாளிலேயே இப்பாடம் வடிகட்டியாக இருக்கும் நிலை மாறத் தொடங்கும்.